அரசனுக்குப் போட்ட வேலி யாருடைய தோட்டத்தைக் காத்தது?

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆய்வரங்கில் கட்டுரை வாசித்தேன். 17ஆம் நூற்றாண்டு பிரான்சில் யார் வரி கட்டினார்கள், யார் கட்டவில்லை என்பதுதான் பொருள். முடித்ததும் தலைமை தாங்கிய பேராசிரியர் கேட்ட முதல் கேள்விக்கும் கட்டுரைக்கும் தொடர்பே இல்லை. "ஏம்மா, உங்க பின்னணியில இருந்து வர்றவங்க உங்க ஊர்ப்பக்கம் ஏதாவது களஆய்வு செய்யலாமே, பிரான்ஸ் எதுக்கு?" என்றார். அரங்கில் சிலர் சிரித்தார்கள். அடுத்து அவர் சொன்னது கேள்வியே அல்ல, தீர்ப்பு. வரம்பற்ற முடியாட்சி என்பதே பழைய கட்டுக்கதையாம். அரசனுக்கு எல்லாப் பக்கமும் வேலி இருந்ததாம். அந்த வேலிகள்தான் ஐரோப்பியச் சுதந்திரத்தின் நாற்றங்காலாம். நான் அதைப் பார்க்காமல் "சலுகை, சலுகை" என்று ஒரே பல்லவி பாடுகிறேனாம்.

முதல் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். ஐரோப்பியர்கள் வந்து நம் சேரியை ஆராய்ந்து முனைவர் ஆகலாம், நாங்கள் வெர்சாய் அரண்மனையின் வரவு செலவைப் புரட்டிப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். எங்களிடம் இவர்கள் எதிர்பார்ப்பது எப்போதும் தரவுதான். கோட்பாடு எழுதும் வேலை வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவதற்கு அன்று நேரம் தரவில்லை. அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். 1643 முதல் 1715 வரை 72 ஆண்டுகள் அரியணையில் இருந்த பதினான்காம் லூயி "நானே அரசு" என்று முழங்கியதாகப் பள்ளியில் படித்தோம். அப்படி அவர் சொன்னதற்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் கிடையாது. இறையாண்மைக்கு இலக்கணம் வகுத்த ழான் போதான் 1576இல் வெளியிட்ட நூலிலேயே, அரசன் கடவுளின் சட்டத்துக்கும் இயற்கைச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவன் என்கிறார். வாரிசுரிமை விதியை மாற்றும் அதிகாரம் அவனுக்கு இல்லை. முடியின் நிலத்தை விற்க முடியாது. குடிமக்களின் சொத்தில் நினைத்தபடி கைவைக்கவும் முடியாது. இவையெல்லாம் ஏட்டில் இருந்த வேலிகள். நடைமுறையில் இருந்தவை இன்னும் வலுவானவை. அரசாணை சட்டமாக வேண்டுமென்றால் 'பார்லமான்' என்ற உயர் நீதிமன்றங்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும். பெயரைப் பார்த்து நாடாளுமன்றம் என்று எண்ண வேண்டாம். அது நீதிபதிகளின் மன்றம். பிடிக்காத ஆணைக்கு எதிராக அது கண்டன மனு எழுதும். சில மாகாணங்களில் வரி வேண்டுமென்றால் அங்குள்ள எஸ்டேட்ஸ் சபையோடு பேரம் பேசியாக வேண்டும். திருச்சபை வரியே கட்டாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடி, 'விருப்ப நன்கொடை' என்று ஒரு தொகையைப் பேசி முடித்துக் கொடுக்கும்.

1980களிலிருந்து வரலாற்றாசிரியர்கள் இதையெல்லாம் எடுத்துக்காட்டி வருகிறார்கள். 1992இல் நிக்கோலஸ் ஹென்ஷல் எழுதிய நூல், வரம்பற்ற முடியாட்சியே ஒரு தொன்மம் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டது. ஆனால் அதற்கு ஏழாண்டு முன்பே, 1985இல், வில்லியம் பீக் தெற்கு பிரான்சின் லாங்டாக் மாகாணத்தின் வரிக் கணக்குகளைத் தோண்டி ஒரு நூல் எழுதியிருந்தார். அங்கே வசூலான வரியில் கணிசமான பங்கு பாரிசுக்குப் போகவே இல்லை. உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் கைக்கே திரும்பியது என்று அவர் காட்டினார். அரசனும் பிரபுக்களும் ஒருவரையொருவர் கட்டுப்படுத்திக் கொண்டிருந்தார்கள் என்பதைவிட, பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதே பொருத்தம். நம் பேராசிரியர்களுக்கு ஹென்ஷல் நினைவிருக்கிறது, பீக் மறந்துபோகிறது.

சரி, வேலி இருந்தது. வேலிக்கு உள்ளே இருந்தது என்ன?

வரியிலிருந்தே தொடங்குவோம். பிரான்சின் முதன்மையான நேர்வரியின் பெயரைத் தமிழில் எழுதினால் 'தாய்' என்று வரும். இந்தத் தாய்க்கு எல்லோரும் பிள்ளைகள் அல்ல. நாட்டின் பெரும்பகுதியில் குருமாருக்கு விலக்கு, பிரபுக்களுக்கு விலக்கு, விலைகொடுத்துப் பதவி வாங்கிய அதிகாரிகள் பலருக்கு விலக்கு, பாரிஸ் உள்ளிட்ட பல நகரவாசிகளுக்கும் விலக்கு. மிச்சம் யார்? உழுதவன். 'தாய்' கட்டுகிறவன் என்ற சொல்லே இழிபிறப்பாளன் என்ற பொருளில் புழங்கியது. பணம் குறைந்ததற்காகப் பிரபு அவமானப்படவில்லை. வரி கட்டுகிறவனாக எண்ணப்படுவதுதான் அவனுக்கு அவமானம்.

கையால் உழைப்பதும் அப்படியே. கடை வைத்தாலோ கைத்தொழிலில் இறங்கினாலோ பிரபுவின் பிரபுத்துவம் பறிபோகும். உழைப்பு தீட்டு என்பதற்குச் சட்டத்தில் தனிச்சொல்லே வைத்திருந்தார்கள். 1669இல் கொல்பேர் ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. கடல்வணிகம் செய்தால் பிரபுத்துவம் கெடாது என்பதே அந்த ஆணை. நம்மில் பலருக்கு அடிக்குறிப்புப் பார்க்காமலே இது புரியும்.

'எல்லாம் வல்ல' அரசன் இந்த ஏற்பாட்டை என்ன செய்தான்? 1660களில் மாகாணம் மாகாணமாக அதிகாரிகளை அனுப்பி, பிரபு என்று சொல்லிக்கொள்பவர்களின் பரம்பரைச் சான்றுகளைச் சோதித்தான். போலிகளைப் பிடித்து அபராதம் போட்டான், வரிப்பட்டியலில் சேர்த்தான். அதாவது பிறப்புரிமையில் அவன் கைவைக்கவில்லை, பட்டியலைச் சரிபார்த்துக் கொடுத்தான். வரம்பற்ற அதிகாரத்துக்கு அதைவிடப் பெரிய வேலை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

நீதிமன்றத்துக்கு வருவோம். 1604இல் வந்த ஒரு ஏற்பாட்டின்படி, ஆண்டுதோறும் பதவியின் மதிப்பில் அறுபதில் ஒரு பங்கைச் செலுத்தினால் நீதிபதிப் பதவியைக்கூட மகனுக்கு எழுதிவைக்கலாம். அரசனைத் தட்டிக்கேட்டதாக நமக்குச் சொல்லப்படும் பார்லமான் நீதிபதிகள், இப்படி விலைக்கு வாங்கியும் வாரிசாகப் பெற்றும் உட்கார்ந்தவர்கள்தான். அதிகாரத்தை அதிகாரமே தடுக்க வேண்டும் என்று 1748இல் எழுதிப் புகழ்பெற்ற மொந்தெஸ்கியூவும் அதில் அடக்கம். போர்தோ பார்லமானில் தலைமை வரிசையிலிருந்த அவருடைய நாற்காலி பெரியப்பா வழியாக 1716இல் வந்த சொத்து. பத்தாண்டு கழித்து அதை விட்டுக்கொடுத்துக் காசாக்கினார். பதவி விற்பனை முடியாட்சிக்கு நல்லதுதான் என்றும் அவர் நூல் வாதிடுகிறது. இடையில் நிற்கும் பிரபுக்கள் இல்லாவிட்டால் முடியாட்சி கொடுங்கோன்மை ஆகிவிடும் என்பது அவருடைய வாதத்தின் முதுகெலும்பு. நீரோடையின் நடுவில் அணை கட்டி உட்கார்ந்திருப்பவர் அணையின் நன்மைகளைப் பற்றி எழுதினால் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

பிரான்சை விட்டுக் கிழக்கே போனால் விவகாரம் இன்னும் அப்பட்டம். 1653இல் பிராண்டன்பர்க் ஆட்சியாளர் பிரடெரிக் வில்லியமுக்குப் படை வைக்கப் பணம் வேண்டும். நிலக்கிழார்கள் நிறைந்த சபை ஆறாண்டுகளில் 5,30,000 தாலர் தர ஒப்புக்கொண்டது. ஈடாகக் குடியானவர்கள் மீது நிலக்கிழார்களுக்கு இருந்த ஆதிக்கம் உறுதி செய்யப்பட்டது. தான் பண்ணையடிமை அல்ல என்று ஒரு குடியானவன் சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அவன் தலையிலேயே விழுந்தது. படை அரசனுக்கு, ஆள் பிரபுவுக்கு. ஐரோப்பாவின் பெரும் இராணுவ அரசு ஒன்று இப்படித்தான் வளரத் தொடங்கியது.

பக்கத்திலேயே போலந்து. வேலிகளைப் பூசிப்பவர்களுக்கு அது சொர்க்கமாக இருந்திருக்க வேண்டும். அரசனைப் பிரபுக்கள் தேர்தலில் தேர்ந்தெடுப்பார்கள். 1652 முதல் சபையில் ஒரே ஓர் உறுப்பினர் மறுத்தாலும் கூட்டத்தொடரே கலையலாம். இதற்குப் 'பொற்சுதந்திரம்' என்று பெயர். அந்தச் சுதந்திர நாட்டில்தான், பண்ணையடிமையைக் கொல்லவும் விடவும் பிரபுவுக்கு இருந்த அதிகாரம் 1768 வரை நீடித்தது. ஐரோப்பாவில் அரசனின் கை மிக இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்த இடத்தில் குடியானவனின் கழுத்தும் இறுகியிருந்தது.

இங்கிலாந்தைச் சொல்லாமல் விட்டால் பேராசிரியர் விடமாட்டார். 1649இல் அரசனின் தலையையே வெட்டிய நாடு. 1689இல் உரிமைச் சட்டம் போட்ட நாடு. எல்லாம் சரிதான். அதே நாடாளுமன்றம் 1671இல் ஒரு வேட்டைச் சட்டம் போட்டது. ஆண்டுக்கு நூறு பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலமோ அதற்கு ஈடான தகுதியோ இல்லாதவன், தன் வயலை மேயும் முயலைக்கூடப் பிடிக்கக் கூடாது. இன்னொன்றையும் கேளுங்கள். ஆப்பிரிக்கர்களைப் பிடித்து விற்கும் வணிகம் அரசர் தந்த ஏகபோகமாக ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியிடம் இருந்தது. அதன் தலைவராக இருந்தவர் பின்னாளில் அரசரான இரண்டாம் ஜேம்ஸ். அவர் விரட்டப்பட்டார். ஏகபோகம் என்பது எதேச்சாதிகாரம், வணிகம் ஆங்கிலேயரின் பிறப்புரிமை என்று தனி வணிகர்கள் வாதாடினார்கள். 1698இல் நாடாளுமன்றம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. அதன்பின் ஆங்கிலேயக் கப்பல்களில் கடத்தப்பட்ட மனிதர்களின் தொகை பெருகியது. அரசனின் அதிகாரத்துக்கு வரம்பு போட்ட வெற்றி, அட்லாண்டிக்கின் மறுகரையில் விலங்காகப் போய் இறங்கியது. இந்த 'நாற்றங்காலில்' முளைத்தவை எல்லாம் சுதந்திரம் அல்ல.

இப்படி எழுதும்போது நம் தோழர்கள் சிலர் வேறு பக்கம் சாய்வதையும் பார்க்கிறேன். பிரபுக்கள்தான் வில்லன்கள் என்றால், அவர்களை அடக்கும் வலுவான அரசன் நல்லவன்தானே? மேலே ஒரு வலுவான கை இருந்தால் கீழே இருப்பவனுக்கு நீதி கிடைக்காதா? இந்த ஆசை எனக்குப் புரியாதது அல்ல. ஆனால் வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. பதினான்காம் லூயி 1685 என்ற ஒரே ஆண்டில் இரண்டு வேலைகள் செய்தார். புராட்டஸ்டன்ட்டுகளுக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்தார். காலனிகளில் அடிமை என்பவன் அசையும் சொத்து என்று சொல்லும் 'கறுப்பர் சட்டத்'தைப் பிறப்பித்தார். ரஷ்யாவில் இரண்டாம் கேத்தரீன், வால்தேருக்குக் கடிதம் எழுதிய அறிவொளி அரசி, 1767இல் போட்ட ஆணைப்படி, பண்ணையடிமை தன் எஜமானன் மீது அரசியிடம் புகார் மனு கொடுப்பதே குற்றம். 1785இல் பிரபுக்களுக்கு உரிமைப் பட்டயம் வழங்கியதும் அவரே. அரசன் பிறப்புப் படிநிலையின் எதிரி அல்ல. அதன் உச்சிப்படியில் உட்கார்ந்திருப்பவன். கீழ்ப்படிகளை உருவினால் தானும் விழுவான் என்பது அவனுக்குத் தெரியும்.

ஆனாலும் எப்போதாவது கஜானா காலியாகும்போது அரசன் அந்தப் படிகளைத் தொட்டுப் பார்க்கிறான். அப்போது வேலி என்ன செய்தது என்று பார்த்தால்தான் அது எதற்காகக் கட்டப்பட்டது என்பது தெரியும்.

1776, பிரான்ஸ். சாலை போடக் குடியானவர்கள் கூலியில்லாமல் ஊழியம் செய்ய வேண்டும். 1738இலிருந்து நாட்டின் பெரும்பகுதிக்கும் பரவிய முறை இது. தன் மாட்டையும் வண்டியையும் ஓட்டிக்கொண்டு போய், பிரபுவின் சாரட்டு ஓடுவதற்குக் கல் உடைத்துப் போட வேண்டும். பதினாறாம் லூயியின் நிதியமைச்சர் துர்கோ இதை ஒழித்துவிட்டு, நிலம் வைத்திருக்கும் அனைவர் மீதும் ஒரு வரி போட முன்வந்தார். சாலையால் பயன் பெறுபவன் சாலைக்குப் பணம் கொடு. அவ்வளவுதான். புரட்சியும் இல்லை, பொதுவுடைமையும் இல்லை.

பாரிஸ் பார்லமான் கொதித்தெழுந்தது. மார்ச் மாதம் அது எழுதிய கண்டன மனுவைப் படிக்கும்போது எனக்கு உடல் சிலிர்த்தது. அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் காப்பதே நீதியின் முதல் விதியாம். அதில் சொத்து மட்டுமல்ல, பிறப்பாலும் தகுதிநிலையாலும் வரும் உரிமைகளும் அடங்குமாம். குருமாரின் பணி வழிபாடு, பிரபுவின் பணி போர், கடைசி வகுப்பாரின் பணி வரியும் உடலுழைப்பும். இந்த வேற்றுமைதான் முடியாட்சியின் அடிப்படையாம். ஊழியத்துக்குப் பதிலாகப் பிரபுவிடம் வரி வாங்கினால் அவரும் ஊழியக்காரன் ஆகிவிடுவாராம். மனுவின் சாரம் இதுதான். எழுதியவர்கள் புரோகிதர்கள் அல்லர், சட்டம் படித்த நீதிபதிகள். எதேச்சாதிகாரத்துக்கு எதிரான அரண் என்று மக்கள் கைதட்டிய அதே நீதிபதிகள்.

அரசர் மார்ச் 12 அன்று நேரில் அமர்ந்து ஆணையைப் பதிவு செய்ய வைத்தார். சட்டப்படி அவருக்கு அந்த அதிகாரம் இருந்தது. ஆனால் பதிவு செய்வது வேறு, தாக்குப்பிடிப்பது வேறு. அரண்மனையும் நீதிமன்றமும் பிரபுக்களும் ஒரே குரலில் பேசினார்கள். மே 12 அன்று துர்கோ பதவிநீக்கம் செய்யப்பட்டார். ஆகஸ்டில் கூலியில்லா ஊழியம் திரும்பி வந்தது. இரண்டு நூற்றாண்டுகளாகப் 'பேரரசுரிமை' பேசிய முடியாட்சியால், குடியானவனின் முதுகிலிருந்து ஒரு கூடைக் கல்லைக்கூட இறக்கி வைக்க முடியவில்லை. இதுதான் அதன் உண்மையான வரம்பு. போதான் நூலில் தேடினால் கிடைக்காது.

இந்த அரணுக்குக் கோட்பாடும் இருந்தது. பூலன்வில்லியே என்ற பிரபு பதினான்காம் லூயியின் எதேச்சாதிகாரத்தைக் கடுமையாக எதிர்த்தவர். எந்த அடிப்படையில் எதிர்த்தார்? பிரபுக்கள் நாட்டை வென்ற பிராங்குகளின் வழித்தோன்றல்கள், மற்றவர்கள் தோற்ற கால்களின் வழித்தோன்றல்கள். வென்றவர்கள் தங்களுக்குள் சமமானவர்கள், அரசன் அவர்களில் ஒருவன். எனவே அவர்களை அடக்க அவனுக்கு உரிமையில்லை. அவர் இறந்தபின் 1727இல் அச்சான வாதம் இது. அரசனை எதிர்க்கும் தைரியம் முழுவதும் இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டது. சுதந்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் யாருடைய சுதந்திரம் என்று நான் கேட்பதற்கு இவரைப் போன்றவர்கள்தான் காரணம்.

1788 செப்டம்பரில் வேடம் முழுதாகக் கலைந்தது. 1614க்குப் பிறகு கூடாத எஸ்டேட்ஸ் ஜெனரல் கூடப்போகிறது. பார்லமான் நீதிபதிகளை மக்கள் கதாநாயகர்களாகக் கொண்டாடிக் கொண்டிருந்த நேரம். 25ஆம் தேதி அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். 1614இல் கூடியபடியே, மூன்று பிரிவும் தனித்தனியாகக் கூட வேண்டும். குருமாரும் பிரபுக்களும் சேர்ந்தால் இரண்டுக்கு ஒன்று என்று எப்போதும் வெல்வார்கள். மக்களிடம் அவர்களுக்கு இருந்த புகழ் சில நாட்களில் கரைந்துபோனது. அடுத்த ஜனவரியில் சியேஸ் மூன்றாம் பிரிவு பற்றிய தன் புகழ்பெற்ற துண்டுநூலை வெளியிட்டார். அதில் பிரபுக்களைக் குறிக்க அவர் எடுத்த சொல் நமக்கு நன்றாகத் தெரிந்தது: சாதி. போர்த்துக்கீசியர் நம் கடற்கரையில் கண்டதற்குச் சூட்டி ஐரோப்பா முழுவதும் பரவிய 'காஸ்ட்' என்ற அதே சொல். சரியான சொல் இதுவே என்று அடிக்குறிப்பில் விளக்கமும் தருகிறார். வேலையும் பயனும் இல்லாமல், இருப்பதாலேயே சலுகை பெறும் கூட்டத்துக்கு அந்தப் பெயர்தான் பொருந்துமாம். என் ஆய்வை ஐரோப்பாவுக்கு ஏன் கொண்டுபோனாய் என்று கேட்டவர் இந்த அடிக்குறிப்பைத் தாண்டிப் போயிருக்கிறார் போல. சியேசையும் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். சில மாதங்களிலேயே குடிமக்களைச் செயலுள்ளவர், செயலற்றவர் என்று பிரித்து, ஏழைகளையும் பெண்களையும் வாக்குரிமைக்கு வெளியே நிறுத்திய வகைப்பாடும் அவர் தந்ததுதான்.

வேலிகளால் ஒரு நன்மையும் இல்லையா? உண்டு. இங்கிலாந்தின் 1679 ஆட்கொணர்வுச் சட்டம் பின்னாளில் யார் யாரையோ சிறையிலிருந்து மீட்டிருக்கிறது. பார்லமான்களின் கண்டன மனுக்கள் அச்சாகித் தெருவுக்கு வந்தபோது, அரசனிடம் காரணம் கேட்கலாம் என்று தெருவும் கற்றுக்கொண்டது. ஆனால் அது அவர்கள் கொடுத்ததல்ல. அவர்கள் கையிலிருந்து மற்றவர்கள் பிடுங்கிக்கொண்டது. பிடுங்கியவர்களின் பெயரை விட்டுவிட்டு வைத்திருந்தவர்களுக்கு நன்றி சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அப்படிப் பிடுங்கப் பார்த்தவர்கள் சிலரைப் பற்றிச் சொல்ல நூறாண்டு பின்னால் போக வேண்டும். பிரிட்டனி என்பது பிரான்சின் மேற்கு மூலை. பிரிட்டன் அல்ல. எஸ்டேட்ஸ் சபை உள்ள மாகாணம், மாகாணச் சுதந்திரத்துக்குப் பெயர்போனது. உப்பு வரி அங்கே கிடையாது. சபையில் பிரபுக்கள் நேரில் வந்து உட்காரலாம். குருமாருக்கு இடம் உண்டு, நகரங்களுக்குப் பிரதிநிதிகள் உண்டு. நாட்டுப்புறக் குடியானவனுக்கு எதுவும் இல்லை. 1673இல் அரசர் ஒரு விசாரணை மன்றம் அமைத்து, பிரபுக்கள் அனுபவித்து வந்த நீதி வழங்கும் உரிமைகளைச் சோதிக்கப் புறப்பட்டார். சபை என்ன செய்தது? 26 லட்சம் லீவ்ர் கொடுத்து அந்த மன்றத்தைக் கலைக்க வைத்தது. அதே அளவு தொகையை நன்கொடையாகவும் வாக்களித்தது. பணம் எங்கிருந்து வரும்? சபையில் இடமில்லாதவனின் அடுப்புக் கணக்கிலிருந்து. அரசனுக்கு வரம்பு போடுவது என்றால் நடைமுறையில் இதுதான். பிரபு தன் உரிமையைக் காப்பாற்ற அடுத்தவன் காசில் விலைபேசுகிறான்.

அரசர் காசையும் வாங்கிக்கொண்டு, டச்சுப் போர்ச் செலவுக்காக 1674இல் முத்திரைத்தாள் வரியையும் புகையிலை ஏகபோகத்தையும் கொண்டுவந்தார். 1675 வசந்தத்தில் ரென், நாந்த் நகரங்கள் வெடித்தன. கோடையில் கீழ்ப் பிரிட்டனியின் கிராமங்கள். சிவப்புத் தொப்பி அணிந்த குடியானவர்கள் முத்திரைத்தாள் அலுவலகத்தோடு நிற்கவில்லை. பிரபுக்களின் மாளிகைகளைத் தாக்கினார்கள், ஆவணங்களை எரித்தார்கள். அரசன் ஒரு பக்கம், பிரபு மறுபக்கம் என்ற பேராசிரியரின் படம் அவர்களுக்குத் தெரியாது. இரண்டு கையும் ஒரே பையில் நுழைவதைத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

துவார்னனே முதல் கொங்கார்னோ வரையுள்ள 14 ஊர்களின் பெயரில் ஒரு கோரிக்கைப் பட்டியல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் தங்களை அவர்கள் எப்படி அழைத்துக்கொள்கிறார்கள் தெரியுமா? 'மேன்மக்களாகிய குடிகள்'. பிரபுவுக்குரிய சொல்லை எடுத்துத் தங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டார்கள். விளைச்சலில் பிரபு எடுக்கும் பங்கும் கூலியில்லா ஊழியமும் ஒழிய வேண்டும். நீதி சொல்பவர்களைத் தாங்களே தேர்ந்தெடுப்போம். உப்பு வரியைக் கொண்டுவருபவனுக்கு யாரும் இடம் கொடுக்கக் கூடாது. வசூலான பழைய வரிப் பணத்தில் புகையிலை வாங்கி ஞாயிறு பூசையில் அப்பத்தோடு பகிர வேண்டும். இந்த இடத்தில் நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

நடுவில் இன்னொரு கோரிக்கை. ஊரில் அமைதி நிலைக்கப் பிரபுக் குடும்பங்களுக்கும் தங்களுக்கும் இடையில் திருமணங்கள் நடக்க வேண்டும். பிரபு வீட்டுப் பெண்கள் சாதாரணக் குடியில் கணவனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுத்தால் அவனும் அவன் வழிவந்தவர்களும் மேன்மக்கள் ஆவார்கள். சொத்து சமமாகப் பிரியும். அந்தப் பெண்களை யாராவது கேட்டார்களா என்பது தனிக் கேள்வி, நான் அதை விட்டுவிடப் போவதில்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கூட்டத்திலிருந்து, வரியைக் குறை என்பதோடு நிற்காமல், பிறப்பின் பூட்டையே உடைக்கச் சொல்லும் கோரிக்கை 1675இல் வருகிறது. சாதியை உடைக்கக் கலப்பு மணமே உண்மையான மருந்து என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதுவதற்கு 261 ஆண்டுகள் முன்பு. மொந்தெஸ்கியூவிடம் இது இல்லை. போதானிடம் இல்லை. மாகாணச் சுதந்திரம் பேசிய சபைக் குறிப்புகளில் இருக்கவே முடியாது.

செப்டம்பர் தொடக்கத்தில் கிளர்ச்சியாளர் தலைவர்களில் ஒருவரான செபாஸ்தியன் லே பால்ப், தான் பிடித்து வைத்திருந்த ஒரு பிரபுவின் வாளுக்கு இரையானார். பிறகு ஆளுநர் ஷோன் பிரபு ஆயிரக்கணக்கான படையினரோடு வந்தார். சாலையோர மரங்களில் குடியானவர்கள் தொங்கினார்கள். ரென் நகரில் ஒரு தெருவே காலி செய்யப்பட்டு இடிக்கப்பட்டது. தன் நகரத்தை அடக்காத குற்றத்துக்காகப் பிரிட்டனியின் பார்லமான் வான் என்ற சிறு நகருக்குத் துரத்தப்பட்டது. நீதிபதிகளுக்குக் கிடைத்த தண்டனை இடமாற்றம்தான். நவம்பரில் எஸ்டேட்ஸ் சபை தினான் நகரில் கூடி அரசருக்கு 30 லட்சம் லீவ்ர் நன்கொடை அளித்தது. பேரம் வழக்கம்போல நடந்தது.

கிளர்ச்சி செய்த ஊர்களில் மணியடித்துத்தான் ஆட்களைத் திரட்டினார்கள் என்பதால், சில தேவாலயங்களின் மணிக்கூண்டுகளை வெட்டச் சொன்னார் ஷோன். பான்-லாபே நகரை ஒட்டி லம்பூர் என்ற இடத்தில் அப்படி வெட்டப்பட்ட கோவில் ஒன்று இருக்கிறது. கூண்டை அவர்கள் திரும்பக் கட்டவில்லை. படத்தை அச்செடுத்து என் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்த ஆய்வரங்குக்கு அனுப்பிய சுருக்கத்தில் இதைத்தான் எழுதியிருக்கிறேன். ஏற்றுக்கொண்டதாக இன்னும் பதில் வரவில்லை.